வலது பக்கத்துச் சத்தம்

"அம்சா, கொஞ்சம் வந்து வண்டில உக்காரும்மா. இன்னிக்குக் கண்டுபிடிச்சிடலாம்."

வாசலிலிருந்து வெங்கடாசலத்தின் குரல் வந்தபோது அம்சவள்ளி தலைவாரிக்கொண்டிருந்தாள். உப்பு பாக்கெட் போடும் கம்பெனியில் அவள் சூப்பர்வைசர். அவள் போய்ச் சாவி கொடுத்தால்தான் ஷெட்டையே திறப்பார்கள். அது மாமாவுக்கும் தெரியும். தெரிந்தும் தினமும் காலையில் இதே நேரத்துக்கு இதே வார்த்தையைச் சொல்வார். சீப்பை ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டுப் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

வெங்கடாசலம் அவளுடைய அக்கா பொன்னியின் புருஷன். அரசு பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவர். செங்கல்பட்டில் சொந்த வீடு இருக்கிறது. அதில் சும்மா உட்கார முடியாமல் பழைய கேரவன் ஒன்றை வாங்கினார். முன்பு சினிமா ஷூட்டிங்குக்கு ஓடிய வண்டி. கட்டில், சின்னச் சமையல்மேடை, சிங்க், ஏசி, கக்கூஸ் எல்லாம் உள்ளேயே உண்டு. நடிகைகள் மேக்கப் போட்ட கண்ணாடிகூடச் சுற்றிலும் பல்புகளோடு அப்படியே இருந்தது. பொண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு கடலோரமாகவே கன்னியாகுமரி வரைக்கும் போவது என்று கிளம்பினார். மரக்காணத்தை நெருங்கும்போது வண்டியின் முன்பக்கம் 'டக், டக்' என்று அடிக்க ஆரம்பித்தது. மச்சினி வீடுதான் அங்கே இருக்கிறதே, ஒரு நாள் தங்கிச் சரிசெய்துகொண்டு போய்விடலாம் என்று வந்தார்கள்.

கத்திரி வெயில் ஆரம்பித்த சமயம் அது. இப்போது கத்திரியே முடியப்போகிறது. வண்டி தெருவை அடைத்துக்கொண்டு நிற்கிறது. அம்சவள்ளி தன் ஸ்கூட்டியை எடுக்க வேண்டுமென்றால் பக்கத்து வீட்டு வேலம்மாளின் ஆட்டுப்பட்டி வழியாகத் தள்ளிக்கொண்டு போக வேண்டும். ஆடுகள் கத்தும். ஆடுகளைவிட அதிகமாக வேலம்மாள் கத்துவாள். வண்டியின் ஏசிக்கு வீட்டு ஜன்னல் வழியாக ஒயர் போகிறது. அது ஓடினால் வீட்டுக்குள் ஃபேன் தள்ளாடித் தள்ளாடிச் சுற்றும். அம்சவள்ளியின் புருஷன் நடராசன் உப்பு லாரி ஓட்டுகிறவன். வண்டியைக் கொஞ்சம் பாரேன் என்று கேட்டால், "உங்க மாமாவுக்குத் தெரியாததா எனக்குத் தெரியப்போவுது?" என்று சொல்லிவிட்டு, லோடு இருக்கிறதோ இல்லையோ, பொழுது விடிவதற்குள் நழுவிவிடுவான்.

கேரவனில் இருந்த சாமான் முழுக்க அவள் வீட்டு முற்றத்தில் கிடந்தது. இட்லிச் சட்டி, டம்ளர், கரண்டி, மடக்கு நாற்காலி, கேஸ் சிலிண்டர், அலமாரிக் கதவுகள்கூட. வண்டிக்குள் ஆடுகிற எல்லாவற்றையும் எடுத்துவிட்டால்தான் நிஜமான சத்தம் எது என்று தெரியும் என்று முதல் வாரமே மாமா எல்லாவற்றையும் கழற்றி இறக்கிவிட்டார். அது சரியான யோசனைதான். ஆனால் இறக்கியதை ஒழுங்காக வைக்கும் யோசனை யாருக்கும் வரவில்லை.

"வர்றேன் மாமா. ஒரே ஒரு ரவுண்டுதான். எனக்கு லேட்டாவுது."

அவர் ஓட்ட, அம்சவள்ளி இடது பக்கத்து சீட்டில் உட்கார்ந்தாள். இப்படி உட்கார்ந்து காது கொடுக்க வேண்டியவள் அக்காதான். ஆனால் பொன்னி இங்கே வந்த நாளிலிருந்து அந்த வண்டியில் கால் வைக்கவில்லை. மாமா கேரவனில் படுப்பார், அக்கா வீட்டுக்குள் அம்சவள்ளியோடு படுப்பாள். கேட்டால் வண்டிக்குள் மூச்சு முட்டுகிறது என்பாள்.

தெருமுனை தாண்டி உப்பளப் பக்கம் திரும்பினார்கள். இரண்டு பக்கமும் பாத்திகளில் வெயில் இப்போதே கண்ணைக் கூசவைத்தது. வாரிக் குவித்த உப்பைப் பெண்கள் கூடையில் அள்ளிக்கொண்டிருந்தார்கள். பள்ளிக்கூடத்து ஸ்பீட் பிரேக்கரில் வண்டி ஏறி இறங்கியது. டக். வாய்க்கால் மேலிருந்த கல்வெர்ட்டில் ஸ்டியரிங்கை ஒடித்துத் திருப்பினார். டக், டக், பிறகு இரும்பு இரும்போடு உரசுகிற ஒரு கிறீச்.

மாமா வலது கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுத்து, தன் முழங்காலுக்கு வெளியே காட்டினார். "கேட்டியா? வலது பக்கம். சந்தேகமே இல்ல."

"எனக்கு என் காலுக்குக் கீழ கேக்குது மாமா."

அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். பதில் இல்லை.

"மாமா, இந்தப் பக்கம் கேக்குதுன்றேன்."

அதற்கும் பதில் இல்லை. இது புதிதல்ல. வண்டி ஓட்டும்போது அவரிடம் ஏதாவது சொன்னால் காற்றோடு போய்விடும். அவருக்குப் பிடிக்காத பேச்சென்றால் அப்படித்தான் என்று அம்சவள்ளி முடிவு கட்டியிருந்தாள். மூன்றாவது தடவை கத்தினாள். "என் காலுக்குக் கீழ."

"கேக்குது, ஏன் கத்தற? அது எதிரொலிம்மா. அடில முழுக்க இரும்பு. இங்க அடிச்சா அங்க கேக்கும். எத்தினி வருஷம் பஸ் ஓட்டிருக்கேன். எஞ்சின் தும்மினா இன்னா சீக்குன்னு சொல்லுவேன்."

சீக்கைச் சொல்லிவிடுவார்தான். சொல்லிச் சொல்லித்தான் இத்தனை நாளும் போயிற்று. வலது ஷாக் அப்சார்பர் என்றார், மாற்றினார்கள். சத்தம் போகவில்லை. அதன் மேலே இருக்கிற ரப்பர் புஷ் என்றார். டை ராடு எண்டு என்றார். வீல் பேரிங் என்றார். எல்லாமே வலது பக்கம். வலது முன்சக்கரத்தைச் சுற்றிப் பழைய சாமான் ஒன்றுகூட மிச்சமில்லை. இடது பக்கத்தில் புதிய சாமான் ஒன்றுகூட இல்லை.

ஒரே ரவுண்டு என்று ஏறியது ஈசிஆர் ரோட்டில் இருக்கும் சகாயராஜின் ஒர்க்ஷாப்பில் போய் முடிந்தது. சகாயராஜ் வண்டியைப் பார்த்ததும் கையிலிருந்த டீயைக் கீழே வைத்தான். ரொம்பப் பொறுமைசாலி என்று ஊரில் பெயரெடுத்தவன். அந்தப் பெயர் இந்த ஒரு மாதத்தில் கொஞ்சம் தேய்ந்துவிட்டது.

"இன்னும் இருக்குதாண்ணே?"

"இருக்குதுப்பா. ஸ்டியரிங் பாக்ஸா இருக்கும்."

ஜாக்கி போட்டுத் தூக்கினான். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினான். பக்கவாட்டில் ஆட்டினான். ஒரு ஆட்டமும் இல்லை. அடியில் படுத்து டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு முதுகெல்லாம் மண்ணோடு எழுந்தான்.

"ஸ்டியரிங் பாக்ஸ் கல்லு மாதிரி இருக்குது. இடது பக்கத்தையும் ஒரு தபா பிரிச்சுப் பாத்துடலாம்ணே. அந்தப் பக்கம் படிக்குக் கீழ முழுக்கத் தகரம் அடிச்சு மூடி வெச்சிருக்காங்க. ஸ்குரூ எல்லாம் துருவேறிக் கெடக்குது. கட்டர் போட்டுத்தான் எடுக்கணும்."

"இடது பக்கம் எதுக்குப்பா? வலிக்காத கால்ல கட்டு போடுவியா நீ?"

"சத்தம் எங்கேருந்து வருதுன்னு எனக்கே பிடிபடலண்ணே. ஓட்டறப்போ எல்லாப் பக்கமும் கேக்கற மாதிரி இருக்குது."

"உனக்குப் பிடிபடல. எனக்குப் பிடிபடுது. சொல்றதச் செய்."

சகாயராஜ் அம்சவள்ளியைப் பார்த்தான். அவள் வானத்தைப் பார்த்தாள். அன்று ஒரு ஷேர் ஆட்டோவில் தொங்கிக்கொண்டு கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்தபோது, பாக்கெட் போடும் பெண்கள் எல்லாரும் பூட்டிய ஷெட்டின் வாசலில் நிழல் தேடி உட்கார்ந்திருந்தார்கள். மேனேஜர் வாட்சைப் பார்த்தார். தலையைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனார். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட அவளுக்கு இவ்வளவு வலித்திருக்காது.

சாயங்காலம் பொன்னி கொல்லைப்புறத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அம்சவள்ளி எதிரில் போய் உட்கார்ந்தாள். காலையிலிருந்து அடக்கி வைத்திருந்ததெல்லாம் வந்தது.

"அக்கா, நீயாவது சொல்லேன் அவருகிட்ட. வலது பக்கம் வலது பக்கம்னு உசுர வாங்கறாரு. வாடகைக்குக் காரு எடுத்துக்கிட்டாவது ரெண்டு பேரும் கெளம்பிப் போங்க. நான் வேலைக்குப் போறதா, வண்டிக்கு வைத்தியம் பாக்கறதா?"

"அவரு போவட்டும். நான் வரல."

"எங்க வரல?"

"எங்கயும். அந்த வண்டில ஏறமாட்டேன். நீ போகச் சொன்னா பஸ் பிடிச்சு செங்கல்பட்டுக்குப் போறேன்."

அம்சவள்ளி அக்காவின் முகத்தைப் பார்த்தாள். வெங்காயத்தால் வந்த கண்ணீர் மாதிரி தெரியவில்லை.

"இன்னாதான் ஆச்சு உங்களுக்குள்ள?"

பொன்னி உரித்த தோலை விரலால் ஓரமாக நகர்த்தினாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "வீட்ல இருந்தப்ப நல்லாத்தான் பேசுவாரு. வண்டில ஏறினதும் ஆளே மாறிட்டாருடீ. மாமல்லபுரம் தாண்டினதும் கடல் தெரிஞ்சுது. கொஞ்சம் நிறுத்துங்கன்னேன். காதுலயே வாங்கல. கல்பாக்கத்துகிட்ட பாத்ரூம் போணும், ஓடற வண்டில எழுந்து உள்ள போவ முடியல, நிறுத்துங்கன்னேன், அதுக்கும் இல்ல. அப்புறமா கேட்டேன், 'என்கூட இப்படி ஊர் சுத்தறது உங்களுக்கு சந்தோஷமா இருக்குதா'ன்னு. இத்தினி வருஷத்துல அப்படி ஒண்ணு நான் அவருகிட்ட கேட்டதே இல்ல. வெக்கத்த விட்டுக் கேட்டேன். மனுஷன் ரோட்டையே பாத்துட்டிருக்காரு. நான் ஒருத்தி பக்கத்துல இருக்கறதே தெரியாத மாதிரி."

"கேட்டிருக்காதுக்கா."

"கைக்கு எட்டற தூரத்துல உக்காந்திருக்கேன். கேக்காம போவுமா?"

தனக்கும் அதே கதிதான் என்று சொன்னால் அக்காவுக்கு ஆறுதலாக இருக்குமா, இன்னும் கோபம் வருமா என்று யோசித்தபடி அம்சவள்ளியும் ஒரு வெங்காயத்தை எடுத்து உரித்தாள். வண்டிச் சத்தத்துக்கு மட்டுமல்ல, இந்த வீட்டில் நடக்கிற எதற்கும் காரணம் பிடிபடாது போலிருந்தது.

மறுநாள் காலையில் ஏசி ஓடிக்கொண்டிருக்கும்போது பொன்னி மிக்ஸியைப் போட்டாள். மீட்டர் பெட்டியில் 'பட்' என்று ஒரு சத்தம், வீடு இருண்டது. அம்சவள்ளி ஃபியூஸ் போட ஸ்டூலில் ஏறினாள். வெளியே வேலம்மாள், "அந்த ரதத்த எப்பதான் தள்ளுவீங்க, ஆடு மேயப் போவ வழியில்ல" என்று ஆரம்பித்திருந்தாள். ஸ்டூலில் நின்றபடியே அம்சவள்ளி மேனேஜருக்கு போன் போட்டு லீவு சொல்லிவிட்டு, சாவியை வாங்கிப் போகக் கம்பெனிப் பெண் ஒருத்தியை வரச் சொன்னாள். அடுத்த போன் சகாயராஜுக்கு.

"உடனே கெளம்பி வாப்பா. கட்டர எடுத்துட்டு வா. இன்னிக்கு நீ ஓட்டு, எங்க மாமா ஓட்ட வேணாம். இன்னிக்கோட இது முடியணும். முடியலன்னா அந்த வண்டிய நானே தள்ளிட்டுப் போய் பக்கிங்காம் கால்வாய்ல எறக்கிடுவேன்."

வண்டியை இன்னொருவன் ஓட்டுவது வெங்கடாசலத்துக்குப் பிடிக்கவில்லை. ஆனால் ஃபியூஸ் கம்பியும் கையுமாக நின்ற மச்சினியின் முகத்தைப் பார்த்துவிட்டு மறுபேச்சுப் பேசாமல் பின்னால் ஏறினார். டிரைவர் சீட்டுக்குப் பின்னால் எதிரெதிராக இரண்டு பெஞ்சுகள் இருந்தன. நடுவில் மடக்குகிற மேசை. அவர் டிரைவருக்கு முதுகு காட்டிய பெஞ்சில் உட்கார்ந்தார், வண்டி போகிற திசைக்கு எதிர்ப்புறமாக. அம்சவள்ளி அவருக்கு எதிரில் உட்கார்ந்தாள்.

சகாயராஜ் மெதுவாக ஓட்டினான். ஸ்பீட் பிரேக்கர் வந்தது. டக்.

"இதோ. வலது பக்கம்," என்று மாமா வலது கையை நீட்டினார்.

அம்சவள்ளி அந்தக் கை காட்டிய இடத்தைப் பார்த்தாள். அவர் காட்டிய பக்கம் வண்டியின் கதவும் ஏறுகிற படியும் இருந்தன.

"மாமா, அது இடது பக்கம்."

"வலதுன்றேன். எனக்குத் தெரியாதா?"

முன்னாலிருந்து சகாயராஜ் குரல் கொடுத்தான். "அண்ணே, நீங்க திரும்பி உக்காந்திருக்கீங்க. உங்களுக்கு வலதுன்னா வண்டிக்கு இடது. இத்தினி நாளா டிரைவர் பக்கம்னு சொன்னீங்க, இப்ப கதவுப் பக்கம் காட்றீங்க."

வெங்கடாசலம் கதவைப் பார்த்தார். படியைப் பார்த்தார். தன் கையைப் பார்த்தார். "இன்னொரு தபா அதே மேட்ல ஏத்து," என்றார்.

சகாயராஜ் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்து ஏற்றினான். டக். இந்த முறையும் கை படிப்பக்கமே போனது. மாமா எழுந்து வந்து அம்சவள்ளியின் பக்கம், முன்னோக்கி உட்கார்ந்தார். "இப்ப ஏத்து." மூன்றாவது தடவை. டக். கை தானாக எழுந்து டிரைவர் பக்கத்தைக் காட்டியது. காட்டிவிட்டு அந்தரத்தில் அப்படியே நின்றது.

அம்சவள்ளிக்கு அப்போதுதான் புரிந்தது. சத்தம் இடம் மாறவில்லை. மனுஷர் எந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்தாலும் அவருடைய வலது கைப்பக்கம்தான் அவருக்குக் கேட்கிறது. அவள் அவருக்கு இடது பக்கம் உட்கார்ந்திருந்தாள். சாதாரணமாகப் பேசுகிற குரலிலேயே, "தண்ணி குடிக்கிறீங்களா மாமா?" என்றாள்.

அவர் அசையவில்லை. ஜன்னலுக்கு வெளியே உப்புக் குவியலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்த மனுஷன். அக்கா சொன்னது அம்சவள்ளிக்கு நினைவு வந்தது. வண்டி ஓட்டுகிறவருக்குப் பக்கத்து சீட்டு எப்போதுமே இடது பக்கம்.

"சகாயராஜு, வண்டிய ஓரங்கட்டு. இடது பக்கத்துத் தகரத்தப் பிரி."

இந்த முறை வலிக்காத கால், கட்டு என்று யாரும் பேசவில்லை. உப்பளத்து வரப்போரம் வண்டி நின்றது. சகாயராஜ் படிக்குக் கீழே படுத்துக் கட்டரைப் போட்டான். தகரம் கழன்று விழுந்தபோது கூடவே துருவும் சோப்புநுரை காய்ந்த சேறும் கொட்டின. உள்ளே தலையை விட்டு டார்ச் அடித்துப் பார்த்தான்.

"அக்கா, இங்க வந்து பாருங்க."

அம்சவள்ளி மண்ணில் மண்டியிட்டுப் பார்த்தாள். சமையல்மேடை சிங்க்கிலிருந்து தண்ணீர் போகிற குழாய் இணைப்பு விட்டுப்போய், எவ்வளவு நாளாகவோ சொட்டிக்கொண்டிருந்தது. சொட்டிய இடத்துக்கு நேர் கீழே, முன்சக்கரத்து ஸ்பிரிங் பட்டையின் பின்முனையை வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸோடு பிடித்து நிறுத்தும் பிராக்கெட். அதன் ரிவிட்டுகளில் பாதி இல்லை. இருந்தவையும் துருவில் கரைந்து, ஓட்டைக்குள் லொடலொடவென்று ஆடின. சகாயராஜ் மேலே ஏறிப்போய் ஸ்டியரிங்கை ஒரு பக்கமாகவும் மறுபக்கமாகவும் ஒடித்தான். பிராக்கெட் அவள் கண்ணெதிரே நகர்ந்து சேஸிஸில் இடித்தது. டக்.

"ஜாக்கில தூக்கினா வெயிட்டு போயிடும், அதான் ஆடல," என்று இறங்கி வந்த சகாயராஜ் சொன்னான். அவன் முகம் செத்திருந்தது. "பெரிய ரோட்ல போறப்ப இது புடுங்கியிருந்தா சக்கரம் ஒரு பக்கமா இழுத்திருக்கும்க்கா. ஸ்டியரிங் கேக்காது. நான் அன்னிக்கே பிரிச்சுப் பாத்திருக்கணும். அண்ணன் வேணாம்னா விட்டுட்டேன்."

அம்சவள்ளி எழுந்து முட்டி மண்ணைத் தட்டினாள். மாமா கொஞ்சம் தள்ளி வரப்பில் நின்றுகொண்டிருந்தார். அவள் போய் அவருக்கு வலது பக்கமாக நின்றாள்.

"மாமா, உங்களுக்கு இடது காது கேக்குதா?"

வெங்கடாசலம் பாத்தியில் தேங்கிய தண்ணீரைப் பார்த்தார். "கொஞ்சம் மந்தம்."

"கொஞ்சமா?"

"கேக்காது." வரப்பில் கிடந்த உப்புக் கட்டியைக் காலால் தள்ளினார். "பஸ்ல எஞ்சின் அந்தப் பக்கந்தான இருக்கும். பொட்டிய மூடி வெச்சாலும் காதுக்குள்ளயே ஓடும். ரிட்டயர் ஆவறதுக்கு முன்னாடியே தெரியும். ஆனா சத்தம் எந்தப் பக்கம்னே மாத்திக் காட்டும்னு சத்தியமா தெரியாதும்மா. வலது பக்கம் கேட்டுது, அதான் சொன்னேன்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "யாருகிட்டயும் சொல்லிடாத."

"யாருகிட்டயும்னா? அக்காகிட்டயுமா?"

"முக்கியமா அவகிட்ட. டிரைவருக்குக் காது கேக்கலன்னு தெரிஞ்சா அவன நம்பி யாரு வண்டில ஏறுவா?"

இத்தனை நாளும் அடக்கிய எரிச்சல் அம்சவள்ளிக்கு அப்போதுதான் உச்சிக்கு ஏறியது. ஆனால் கத்த முடியவில்லை. "இப்ப மட்டும் யாரு ஏறியிருக்கா மாமா?" என்றாள்.

அவர் அவளைத் திரும்பிப் பார்த்தார்.

"அவ ஏன் ஏறலன்னு ஒரு நாளாவது யோசிச்சீங்களா? மாமல்லபுரத்துலேருந்து உங்க இடது பக்கம் உக்காந்து பேசிட்டே வந்திருக்கா. ஒண்ணுக்கும் பதில் இல்ல. நீங்க அவள மதிக்கலன்னு நெனச்சிட்டிருக்கா. போய் நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

வெங்கடாசலம் வரப்போடு நடந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, உப்பு வாருகிறவர்களைத் தாண்டி, வளைவு வரைக்கும் போய்விட்டார். வீடு இருந்தது அந்தத் திசையில்தான் என்பதால் அம்சவள்ளி பின்னால் போகவில்லை. சகாயராஜோடு சேர்ந்து கழற்றிய தகரத்தை உள்ளே எடுத்துப் போட்டாள். வண்டி ஆமை மாதிரி ஒர்க்ஷாப்புக்கு ஊர்ந்து போனது.

அவள் வீட்டுக்குத் திரும்பியபோது மாமா கொல்லைப்புறத்துத் துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்திருந்தார். அக்கா எதிரில் நின்றுகொண்டிருந்தாள். சொல்லி முடித்துவிட்டார் என்பது அக்கா நின்ற விதத்திலேயே தெரிந்தது. அவள் இரக்கப்படுவாள், அழுவாள் என்றெல்லாம் அம்சவள்ளி வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்திருந்தாள். பொன்னி இடுப்பில் கை வைத்திருந்தாள்.

"அப்ப நான் பேசினதெல்லாம் யாருகிட்ட பேசினேன்? அந்த மேக்கப் கண்ணாடிகிட்டயா?"

"நீ பேசினதே எனக்குத் தெரியாது பொன்னி."

"கடலு, கடலுன்னு கத்தினேனே."

"கேக்கல."

"கல்பாக்கத்துலேருந்து கால இடுக்கிட்டு வந்தேனே."

"நீதான் உம்முனு வர்றியேன்னு நான் நெனச்சேன். என்மேல கோவமோன்னு பயந்துட்டு ரோட்டப் பாத்துட்டு வந்தேன்."

"நான் அழுதனே. அது கூடவா?"

வெங்கடாசலம் தலையைத் தூக்கினார். "அழுதியா?"

பொன்னி முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். "வீட்ல இருக்கறப்ப எப்படிக் கேட்டுது?"

"வீட்ல உன் மொகத்தப் பாத்துட்டுத்தான பேசுவேன். கட்டில்ல நீ வலது பக்கந்தான படுப்ப."

"அதுக்குத்தான் எடத்த மாத்தினீங்களா? செவுத்துப் பக்கம் காத்து வரலன்னு சொன்னீங்க."

"ஆமா."

"காதுல விழலன்னு சொல்ல வாய் வரல. காத்து வரலன்னு சொல்ல மட்டும் வந்துது." பொன்னி உள்ளே போனாள். பாத்திரங்களை வேண்டுமென்றே சத்தமாக வைப்பது கேட்டது. மாமா கல்லிலேயே உட்கார்ந்திருந்தார். வெயில் மேலே ஏறியது. அவரைக் கூப்பிடுவதா வேண்டாமா என்று அம்சவள்ளி கதவோரம் தவித்துக்கொண்டிருந்தபோது, பொன்னி ஒரு சொம்பு மோரோடு வெளியே வந்து அவளைத் தாண்டிப் போனாள். கல்லில் அவருக்கு வலது பக்கம் இடம் கம்மியாக இருந்தது. "தள்ளி உக்காருங்க," என்றாள். அவர் தள்ளினார்.

அதற்குமேல் அங்கே நிற்பது மரியாதை இல்லை என்று அம்சவள்ளி உள்ளே வந்துவிட்டாள். ரொம்ப நேரம் அக்காவின் குரல்தான் கேட்டது. நடுவில் ஒரு தடவை மாமா ஏதோ சொன்னார். அதற்கு அக்கா சிரித்தாளா இருமினாளா என்பது சுவருக்கு இந்தப் பக்கம் தெரியவில்லை.

பாண்டிச்சேரியில் காது டாக்டரிடம் மாமாவை அம்சவள்ளிதான் கூட்டிப் போனாள். கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்துப் பரிசோதித்தார்கள். நரம்பு போய்விட்டது, திரும்ப வராது என்றார் டாக்டர். எஞ்சின் சத்தம் ஒரு காரணமாக இருக்கலாம், வேறு காரணமும் இருக்கலாம். வலது காது நன்றாக இருக்கிறது. வண்டி ஓட்டலாம், ஆனால் இடது பக்கம் யார் ஹாரன் அடித்தாலும் காதை நம்பாமல் கண்ணை நம்ப வேண்டும். மிஷின் வைத்துப் பார்க்கலாம் என்றும் சொன்னார். வெளியே வந்ததும் மாமா, "மிஷினெல்லாம் வயசானவங்களுக்கு," என்றார். அம்சவள்ளி அவரை முறைத்தாள். "சரி, வெச்சுப் பாக்கலாம்," என்றார்.

சகாயராஜ் பழைய ரிவிட்டுகளை வெட்டி எறிந்து, புது பிராக்கெட் வைத்துத் தடித்த போல்ட்டு போட்டு முடுக்கினான். சிங்க் குழாயை மாற்றி, தண்ணீர் சேஸிஸ் மேல் விழாதபடி வெளியே இழுத்துவிட்டான். இடது பக்கம், பின்னால் வருகிற வண்டி தெரிகிற மாதிரி பெரிய கண்ணாடி ஒன்றும் மாட்டினான். "இது என் கணக்குண்ணே," என்றான். ஸ்பீட் பிரேக்கரில் ஏற்றிப் பார்த்தார்கள். கல்வெர்ட்டில் ஒடித்துத் திருப்பினார்கள். எஞ்சினைத் தவிர வேறு சத்தம் இல்லை. வெங்கடாசலம் நம்பிக்கை இல்லாமல் எல்லாரையும் ஒவ்வொருவராகக் கேட்டார். எல்லாரும் இல்லை என்ற பிறகும், இறங்கிப் போய்ப் புது போல்ட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தார்.

கிளம்புகிற அன்று காலையில், முற்றத்தில் கிடந்த சாமானையெல்லாம் வண்டியில் ஏற்றி முடித்ததும் பொன்னி முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். கீழ்புத்துப்பட்டு அய்யனார் கோயிலில் வண்டிக்குப் பூசை போட்டுவிட்டு அப்படியே தெற்கே போவதாக ஏற்பாடு. ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் அவர் தோளில் தட்ட வேண்டும், அவர் வேகத்தைக் குறைத்த பிறகுதான் பேச வேண்டும் என்று இருவரும் முடிவு செய்திருந்தார்கள்.

"ரோட்ட விட்டுக் கண்ண எடுக்கக் கூடாது மாமா," என்று அம்சவள்ளி வலது ஜன்னலோரம் நின்று சொன்னாள்.

"எனக்குத் தெரியாதா? எத்தினி வருஷம் பஸ் ஓட்டிருக்கேன்."

வண்டி 'டக்' சத்தமில்லாமல் தெருவை விட்டு நகர்ந்தது. வேலம்மாளின் ஆடுகள் உடனே அந்த இடத்துக்கு வந்து நின்றன. அம்சவள்ளி ஸ்கூட்டியைத் தெருவழியாகவே எடுத்துக்கொண்டு, வேலைக்குப் போகிற வழிதானே என்று பெரிய ரோடு வரைக்கும் பின்னாலேயே போனாள். ஈசிஆரில் கேரவன் பாண்டிச்சேரிப் பக்கம் திரும்பியது. திரும்பிய கையோடு பொன்னியின் கை எழுந்து மாமாவின் தோளைத் தட்டுவது கேரவனின் பின்பக்க ஜன்னல் வழியாகத் தெரிந்தது. தட்டிய மறுகணம் கேரவனின் சிவப்பு விளக்கு எரிந்தது. ஓரங்கட்டவில்லை, ஒன்றுமில்லை. நடு ரோட்டிலேயே வண்டியை நிறுத்திவிட்டு, மனுஷர் உடம்பை முழுசாகப் பொண்டாட்டி பக்கம் திருப்பி, வலது காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

பின்னால் வந்த உப்பு லாரி பிரேக் போட்டு நின்று ஹாரனை அழுத்தியது. அதற்குப் பின்னால் ஒரு டூரிஸ்ட் பஸ் நின்றது. கேரவன் நகரவில்லை. அக்காவுக்குச் சொல்ல நிறைய இருந்தது போலிருக்கிறது.

அம்சவள்ளி ஸ்கூட்டியை ஸ்டாண்டு போட்டு நிறுத்திவிட்டு, கம்பெனிச் சாவியைக் கையில் பிடித்தபடி, அந்த வண்டியை நோக்கி வேகவேகமாக நடந்தாள்.